வாசகர் கேள்வி – பதில்: அரசு யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்?

நாடாளுமன்றம் கூடும் காலங்களில் வரும் கடிதங்களில் பாதி, அங்கே நடக்கும் அமளியைப் பற்றியவை. மறுபாதி, அந்த அமளிக்கு அப்பால் ஏதாவது நடக்கிறதா என்று கேட்பவை. இந்த இதழில் இரண்டாவது வகைக் கடிதங்களை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பெரும்பான்மையோடு ஓர் அரசு அமைந்துவிட்டால் எந்த வாக்கெடுப்பிலும் அதுவே வெல்லும். அப்படியிருக்க, நாடாளுமன்றம் அரசைக் கண்காணிக்கிறது என்று பாடப்புத்தகம் சொல்வதற்கு என்ன பொருள்? – கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 75(3)-ஆவது பிரிவு. அந்தப் பொறுப்பைச் சோதிக்கும் கடைசி ஆயுதம் நம்பிக்கையில்லாத் தீர்மானம். 1963 ஆகஸ்டில் ஆச்சார்ய கிருபளானி நேரு அரசுக்கு எதிராகக் கொண்டுவந்ததுதான் முதலாவது. ஆதரவாக 62 பேரும் எதிராக 347 பேரும் வாக்களித்தார்கள். அதற்குப் பிறகு இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தீர்மானங்கள் வந்துவிட்டன, ஒன்றுகூட நிறைவேறியதில்லை. 1979-இல் மொரார்ஜி தேசாய் வாக்கெடுப்புக்கு முன்பே பதவி விலகினார். வி.பி. சிங் (1990), தேவே கவுடா (1997), வாஜ்பாய் (1999) ஆகியோரின் அரசுகள் கவிழ்ந்ததோ, அவர்களே அவையில் கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானத்தின் மீதான வாக்கெடுப்பில். அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதால் 1999 ஏப்ரல் 17 அன்று 269-க்கு 270 என்று ஒரே ஒரு வாக்கில் வாஜ்பாய் தோற்றதை நம் வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, கண்காணிப்பு என்பதை ஆட்சிக் கவிழ்ப்பு என்று புரிந்துகொண்டால், உங்கள் சந்தேகம் முற்றிலும் நியாயமானது. ஆனால் 2023 ஆகஸ்டில் மணிப்பூர் கலவரத்தை முன்வைத்துத் தீர்மானம் கொண்டுவந்த எதிர்க்கட்சிகள், அது தோற்கும் என்பதை அறிந்தே கொண்டுவந்தன. பிரதமர் அவைக்கு வந்து பேசியாக வேண்டும் என்பதே தங்கள் நோக்கம் என்று வெளிப்படையாகவும் சொன்னன. பிரதமர் பேசினார், பிறகு தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் தோற்றது. அவர் பேசியது போதுமா என்பது வேறு விவாதம். அரசிடம் எத்தனை வாக்குகள் இருந்தாலும், கேட்டவருக்குப் பதில் சொல்லும் கடமையிலிருந்து அந்த வாக்குகள் அதைக் காப்பாற்றா. அந்தக் கடமையை அன்றாடம் நினைவூட்ட என்னென்ன ஏற்பாடுகள் உள்ளன, அவற்றை உறுப்பினர்கள் எவ்வளவு தூரம் விடாமல் பயன்படுத்துகிறார்கள் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

கேள்வி: நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியிடாத கேள்வி என்று செய்திகளில் வருகிறதே, என்ன வேறுபாடு? ஒரு கேள்வியால் உண்மையிலேயே எந்த அமைச்சராவது பதவி இழந்ததுண்டா? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். அதையொட்டித் துணைக் கேள்விகளும் கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்து மூலமான பதில் அவையில் வைக்கப்படும், அவ்வளவுதான். மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பதினைந்து நாள்களுக்கு முன்பே கேள்வியை எழுதிக் கொடுத்துவிட வேண்டியிருப்பதால், அமைச்சரின் கையில் அதிகாரிகள் தயாரித்த பதில் இருக்கும். துணைக் கேள்விக்கு மட்டும் அப்படி எழுதிவைத்த பதில் கிடையாது. அமைச்சருக்குத் தம் துறை தெரியுமா, தெரியாதா என்பது அந்த இரண்டு நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும். அதனால்தான், கேள்வி நேரத்தை முழக்கமிட்டு முடக்கும் எதிர்க்கட்சி அரசுக்கு உதவியே செய்கிறது என்பது நம் கருத்து. அவை ஒத்திவைக்கப்பட்டால் பதில்கள் எல்லாம் தாளாக அவையில் வைக்கப்பட்டு, எந்த அமைச்சரும் துணைக் கேள்வியைச் சந்திக்காமல் வீடு திரும்பிவிடுகிறார். 2020 செப்டம்பரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி அரசே கேள்வி நேரத்தை விலக்கியபோதும் இதேதான் நடந்தது. எழுத்துப் பதில்கள் வந்தன, துணைக் கேள்விகள் மட்டும் இல்லாமல் போயின.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். பதவி இழந்தவர் உண்டு, அவர் நம் ஊர்க்காரரும்கூட. ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாக்கப்பட்டு, 1956 செப்டம்பரில் எல்.ஐ.சி. தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் அந்த நிறுவனம், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அவை நொடித்துக்கொண்டிருந்த கம்பெனிகள், எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவிடம் முன்கூட்டிக் கலந்துகொள்ளவும் இல்லை. இதுபற்றி நாடாளுமன்றத்தில் முதலில் எழுந்த கேள்விக்குக் கிடைத்த பதில் மழுப்பலாகவே இருந்தது. கேட்டவர்கள் விடவில்லை. 1957 டிசம்பர் 16 அன்று ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி எழுந்து, பங்குகளின் சந்தை விலை என்ன, எல்.ஐ.சி. கொடுத்த விலை என்ன என்று விவரங்களை வரிசையாக எடுத்துவைத்தார். அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். காங்கிரஸ்காரர், பிரதமர் நேருவின் மருமகன்.

அரசு நீதிபதி எம்.சி. சாக்ளாவைக் கொண்டு விசாரணை ஆணையம் அமைத்தது. பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் வெளிப்படையாக நடந்த விசாரணை சில வாரங்களில் முடிந்து, 1958 பிப்ரவரியில் அறிக்கையும் வந்துவிட்டது. இன்றைய ஆணையங்களின் வேகத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பக் கடினமான செய்தி. பங்கு வாங்கும் முடிவைத் தாம் எடுக்கவில்லை என்பதும், நிதித்துறைச் செயலாளரின் செயலுக்குத் தாம் பொறுப்பாக முடியாது என்பதும் நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் நிலைப்பாடு. செயலாளரின் செயலுக்கு அரசமைப்பு முறையில் அமைச்சரே பொறுப்பு என்றார் சாக்ளா. இத்தகைய விவகாரங்களில் நாடாளுமன்றத்தைத் தொடக்கத்திலேயே நம்பிக்கைக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றும் அவர் சுட்டிக்காட்டினார். சென்னையிலிருந்து மக்களவைக்குச் சென்ற டி.டி.கே. அந்த மாதமே பதவி விலகினார். (1963-இல் மீண்டும் நிதி அமைச்சரானார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், நம் அரசியலில் பதவி விலகல் நிரந்தரமானதல்ல.)

கேள்வி: 'இந்த விஷயம் அரசின் பரிசீலனையில் உள்ளது' என்று அமைச்சர்கள் சொல்வது தட்டிக்கழிக்கும் பதில்தானே? – சிறுதொழில் முனைவர், சிவகாசி

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அவையில் அப்படிச் சொல்வதற்கு ஒரு விலை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1953 முதல் மக்களவையில் அரசின் உறுதிமொழிகளுக்கான குழு என்று ஒன்று இருக்கிறது. 'பரிசீலனையில் உள்ளது', 'கவனிக்கிறேன்', 'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்' என்பன போன்ற சொற்றொடர்களுக்கு அந்தக் குழு ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. இவற்றில் ஒன்று அமைச்சரின் வாயிலிருந்து வந்துவிட்டால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதங்களுக்குள் அதை நிறைவேற்றி, நிறைவேற்றியதற்கான அறிக்கையை அவையில் வைக்க வேண்டும். முடியவில்லை என்றால் குழுவிடம் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும், அல்லது காரணம் காட்டி உறுதிமொழியைக் கைவிட அனுமதி பெற வேண்டும். ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கும் உறுதிமொழிகளைப் பற்றித் துறைச் செயலாளர்களைக் குழு அழைத்து விசாரிப்பதும் உண்டு.

துறைகள் இதையும் கற்றுக்கொண்டுவிட்டன. உறுதிமொழியாகக் கருதப்படாத வகையில், 'இது ஒரு தொடர் நடவடிக்கை' என்பது போன்ற வழுக்கும் வாசகங்களைத் தேடிப் பதில் எழுதுவதில் நம் அதிகாரிகள் தேர்ந்தவர்கள்.

கேள்வி: சி.ஏ.ஜி. அறிக்கை வெளியான இரண்டு நாள் தொலைக்காட்சியில் பரபரப்பு; அதன்பின் ஒரு சத்தமும் இல்லை. அந்த அறிக்கைக்கு என்னதான் ஆகிறது? – பட்டயக் கணக்காளர், கோயம்புத்தூர்

தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் என்னும் சி.ஏ.ஜி., அரசமைப்புச் சட்டத்தின் 148-ஆவது பிரிவின்கீழ் வருபவர். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்குரிய வழியில் அன்றி அவரை நீக்க முடியாது. மத்திய அரசின் கணக்குகள் பற்றிய அவரது அறிக்கை குடியரசுத் தலைவருக்குச் சென்று, இரு அவைகளிலும் வைக்கப்படும். உங்கள் தொலைக்காட்சிப் பரபரப்பு அந்த நாளில்தான். வேலை தொடங்குவதோ அதற்குப் பிறகு, பொதுக் கணக்குக் குழுவில்.

1921-இல் பிரிட்டிஷ் ஆட்சியில் தோன்றிய இக்குழுவில் இன்று மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர் என 22 உறுப்பினர்கள் உள்ளனர். அமைச்சர் எவரும் உறுப்பினராக முடியாது. 1967-இல் சுதந்திரா கட்சியின் மினு மசானி தலைவரானது முதல், எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவராவது மரபு. அறிக்கையில் உள்ள எல்லாப் பத்திகளையும் குழுவால் விசாரிக்க முடியாது என்பதால் முக்கியமான சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும். மற்ற பத்திகளுக்கும் எடுத்த நடவடிக்கை என்ன என்று துறைகள் நான்கு மாதங்களுக்குள் குறிப்பு அனுப்பியாக வேண்டும். விசாரணையின்போது துறைச் செயலாளர் தம் அதிகாரிகளோடும் கோப்புகளோடும் குழுவின்முன் அமர்கிறார். தணிக்கைத் துறையினரும் அங்கே இருந்து, எந்த இடத்தில் அழுத்திக் கேட்க வேண்டும் என்று உறுப்பினர்களுக்கு எடுத்துக்கொடுக்கிறார்கள். செய்தியாளர்களுக்கு அனுமதி இல்லை. கேமரா இல்லாத அறையில் கட்சி வேறுபாடு பாராமல் உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள் என்பது இந்த ஏற்பாட்டின் நியாயம். வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போவதற்கும் அதுவேதான் காரணம். பண மதிப்பிழப்புக்குப் பிறகு 2017 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல் நாடாளுமன்றக் குழுக்களின்முன் வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். வேறு எந்த அரங்கிலும் அவரை அப்படி உட்காரவைத்துக் கேட்டிருக்க முடியாது.

ஆனால் அமைச்சரைக் குழு அழைப்பதில்லை. பிரிட்டனில் நாடாளுமன்றத் தெரிவுக் குழுக்களின்முன் அமைச்சர்கள் சாட்சியம் அளிப்பது வழக்கமான செய்தி. இங்கோ முடிவெடுத்தவர் வெளியே இருக்க, கோப்பில் கையெழுத்திட்டவர் உள்ளே வியர்க்கிறார். சாக்ளா வகுத்த நெறியை நினைவில் வைத்துப் பார்த்தால், இது சரியான ஏற்பாடு என்று நமக்குத் தோன்றவில்லை.

விவகாரம் பெரிதாகும்போது குழுவுக்குள்ளும் கட்சி வந்து உட்கார்ந்துவிடும் என்பதற்குத் தமிழ்நாட்டு வாசகர்கள் நன்கறிந்த 2ஜி அலைக்கற்றை விவகாரமே சான்று. 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை இழப்பு ஏற்பட்டிருக்கலாம் என்ற மதிப்பீட்டுடன் சி.ஏ.ஜி. அறிக்கை 2010 நவம்பரில் அவையில் வைக்கப்பட்டது. அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடர், கூட்டு நாடாளுமன்றக் குழு வேண்டும் என்ற போராட்டத்திலேயே ஏறத்தாழ முழுமையாகக் கரைந்தது. மறுபுறம் பொதுக் கணக்குக் குழு இதை விசாரித்துக்கொண்டிருந்தது. 2011 ஏப்ரலில் அதன் தலைவர் முரளி மனோகர் ஜோஷி வரைவறிக்கையை முன்வைத்தபோது, காங்கிரஸ், திமுக உறுப்பினர்கள் வேறு சிலரின் துணையோடு அதை எதிர்த்தார்கள். தலைவர் எழுந்து சென்றதும் தங்களுக்குள் வேறொருவரைத் தலைவராகத் தேர்ந்து, அறிக்கை நிராகரிக்கப்பட்டது என்று அறிவித்தார்கள். 2011 மார்ச்சில் அமைந்த கூட்டுக் குழுவின் அறிக்கையும் 2013-இல் எதிர்க்கட்சிகளின் மறுப்போடு வாக்கெடுப்பில்தான் ஏற்கப்பட்டது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. ஆக, நீதிமன்றங்கள் இருவேறு விதமாக என்றாலும் தங்கள் முடிவைச் சொல்லிவிட்டன. நாட்டின் பணத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டிய குழுக்களோ, கட்சிக்கோட்டைத் தாண்டி ஒருமித்த ஒரு முடிவைக்கூடச் சொல்லவில்லை.

கேள்வி: பட்ஜெட்டை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியதாகப் படித்தேன். இது சட்டப்படி சரியா? – ஆசிரியை, வேலூர்

சட்டப்படி சரி. ஒவ்வொரு துறையின் செலவுக்கும் மக்களவையிடம் மானியக் கோரிக்கை வைத்து ஒப்புதல் பெற வேண்டும். நேரமின்மையால் சில துறைகள் மட்டுமே விவாதிக்கப்படும். மற்றவை குறித்த நாளில் ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படும். இதற்குக் கில்லட்டின் என்று பெயர். 2018-இலும் 2023-இலும் அமளிக்கிடையே எல்லாக் கோரிக்கைகளும் அப்படியே போயின. 2023 மார்ச் 23 அன்று ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுத் திட்டம் மக்களவையில் விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் 1993-இல் துறைவாரி நிலைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. இன்று 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள். பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் இவை மானியக் கோரிக்கைகளைப் பரிசீலித்து அறிக்கை தருகின்றன. போன ஆண்டு ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவாகவில்லை, ஏன் ஆகவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பினால், அவையில் நடக்கும் உரைகளைவிட இந்த அறிக்கைகளைப் படிப்பது பயன் தரும். மசோதாக்களும் இவற்றுக்கு அனுப்பப்படலாம். ஆனால் அனுப்புவது கட்டாயமல்ல. 15-ஆவது மக்களவையின் காலத்தில் பத்து மசோதாக்களில் ஏழு குழுக்களுக்குச் சென்றன. 17-ஆவது மக்களவையின் காலத்தில் அது ஆறில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

கேள்வி: கட்சித் தாவல் தடைச் சட்டம் உறுப்பினர்களின் வாயைக் கட்டிவிட்டதா? – வழக்கறிஞர், மதுரை

கையைக் கட்டியது, வாயை அல்ல. 1985-இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். கேள்வி கேட்பதற்கோ குழுவில் அதிகாரியை மடக்குவதற்கோ அந்தத் தடை இல்லை. ஆனாலும் அடுத்த தேர்தலில் சீட்டு யார் கையில் இருக்கிறது என்பது எல்லா உறுப்பினர்களுக்கும் தெரியும். பெரோஸ் காந்திகள் அருகிப்போனதற்குச் சட்டத்தைவிட அதுவே பெரிய காரணம்.

கேள்வி: நம் சட்டமன்றத்திலும் இந்த ஏற்பாடுகள் உண்டா? – கூட்டுறவுச் சங்க ஊழியர், தர்மபுரி

பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, உறுதிமொழிக் குழு எல்லாம் உண்டு. மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் தமிழிலேயே கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுவது நம் சட்டமன்றத்தின் நல்ல வழக்கம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். நாடாளுமன்றத்தில் இருப்பது போன்ற துறைவாரி நிலைக்குழுக்கள் இங்கே இல்லை. கேரளச் சட்டமன்றம் 1980 முதலே அவற்றுக்கு இணையான குழுக்களை வைத்திருக்கிறது.

கேள்வி: மத்திய அரசுத் திட்டம் ஒன்றைப் பற்றி எங்கள் எம்.பி. மூலம் கேள்வி எழுப்ப விரும்புகிறேன். எப்படி எழுதித் தர வேண்டும்? – விவசாயி, திருவாரூர் மாவட்டம்

முதலில், அந்தத் திட்டம் எந்த அமைச்சகத்தின் பொறுப்பில் வருகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். மாநில அரசின் பொறுப்பில் உள்ள விஷயத்தை மக்களவைச் செயலகம் ஏற்காது. கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும், அதில் வாதமோ குற்றச்சாட்டோ இருக்கக் கூடாது. ஒரு ரயில்வே மேம்பாலம் என்றே வைத்துக்கொள்வோம். 'மக்கள் படும் அவதியை அரசு அறியுமா, பாலத்தை விரைந்து முடிக்க நடவடிக்கை எடுக்குமா?' என்று எழுதினால், 'அறியும். நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று இரண்டு வரியில் பதில் வந்துவிடும். அதையே இப்படிப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள்: (அ) இந்தப் பாலத்துக்கு எந்த ஆண்டு ஒப்புதல் தரப்பட்டது, மதிப்பீடு எவ்வளவு, (ஆ) இதுவரை ஆண்டுவாரியாக ஒதுக்கியதும் செலவிட்டதும் எவ்வளவு, (இ) நிலம் கையகப்படுத்துவதில் யார் பங்கு நிலுவையில் உள்ளது, (ஈ) முடிக்க வேண்டிய தேதி எத்தனை முறை மாற்றப்பட்டது, இப்போதைய தேதி எது. இவற்றுக்கு எண்ணாலும் தேதியாலும்தான் பதில் சொல்ல முடியும். நட்சத்திரக் குறி வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஒரு நாளின் இருபதில் சிலவே வாய்மொழிப் பதிலுக்கு வந்துசேர்கின்றன. எழுத்துப் பதில் உங்களுக்குப் போதும்.

பதில் கிடைத்ததும் அதில் உறுதிமொழி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மூன்று மாதம் கழித்து அது என்ன ஆயிற்று என்று கேட்டு உங்கள் உறுப்பினருக்கு மீண்டும் எழுதுங்கள். உறுப்பினர் அக்கறை காட்டாவிட்டாலும் வழி அடைபடவில்லை. இரு அவைகளிலும் மனுக்கள் குழு உண்டு. மனுவை அவையில் முறைப்படி முன்வைக்க ஓர் உறுப்பினரின் மேலொப்பம் தேவை, ஆனால் அவர் உங்கள் தொகுதி உறுப்பினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.